பாதம் பார்த்த சார்ஜன்

அவர் யாரையும் முதலில் முகத்தில் பார்த்ததில்லை. கல்யாண மண்டபமோ, சாவு வீடோ, வங்கி வரிசையோ, எங்கே எதிரே வந்தாலும் அவருடைய பார்வை முதலில் தரைக்குத்தான் போகும். நம் இரண்டு கால்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முழங்கால், இடுப்பு, சட்டைப் பொத்தான் என்று மெதுவாக மேலே ஏறி, கடைசியில்தான் முகத்துக்கு வரும். அதற்குள் நாம் சொன்ன வணக்கம் ஆறிப்போயிருக்கும்.

லுக்குட்டில் இருக்கும் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கக் கிளையில் நான் சேர்ந்த அன்று அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"கிராணி, உங்க இடது சப்பாத்து உள்பக்கமா தேயுது. முட்டி வலி இருக்கா?"

"இல்லையே" என்றேன். இருந்தது. மனைவியிடம்கூட அதுவரை சொல்லாத வலி.

"இருக்கும். மருந்தெல்லாம் வேணாம். சப்பாத்த மாத்துங்க."

அதன் பிறகுதான் கை கொடுத்துத் தன் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சங்கத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. சார்ஜன் என்றால் அவர்தான். எங்கள் கிளையில் சார்ஜனாக ஓய்வு பெற்றவர்கள் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது.

என்னைக் கிராணி என்று அவர் அழைத்ததற்குக் காரணம், பட்டாளத்தில் நான் சாமான் கிடங்கில் கணக்கு எழுதியவன். போர்வை, தண்ணீர்க் குப்பி, மண்வெட்டி என்று இருபது வருடத்துக்கு மேல் எண்ணிக்கொண்டிருந்ததால், ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது எண்ணாமல் இருக்க முடிவதில்லை. சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். மழை வருமா, நாற்காலி போதுமா, மைக் வேலை செய்யுமா என்று கவலைப்பட ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும்.

எங்கள் சங்கம் பெரிய சங்கம் இல்லை. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் லிங்கி, லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பருக்குப் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள். தோட்டத்திலிருந்து வெளியே போக அந்தக் காலத்தில் இருந்த வழிகளில் பட்டாளமும் ஒன்று. போனவர்கள் எல்லைக் காட்டில் இருந்தார்கள், சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பி வந்தபோது பால்மரங்கள் போய்ச் செம்பனை நின்றது. சங்கக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு சிமெண்டுத் தூண் இருக்கிறது. காட்டில் தங்கிவிட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு நாள் காலையில் அந்தத் தூணுக்கு முன்னால் அணிவகுத்து நிற்போம். மலர்வளையம், ஒரு நிமிட மௌனம், எல்லா மதத்துப் பிரார்த்தனை, பிறகு ஆளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு. மற்ற நாட்களில் நிதி திரட்டுவது, தீபாவளிக்கு விதவைகளுக்கும் ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கும் சாமான் கூடை கொண்டுபோய்க் கொடுப்பது. இவ்வளவுதான் எங்கள் வேலை.

அந்தத் தீபாவளிக் கூடையில்தான் அவர் முதலில் கை வைத்தார். அரிசி, எண்ணெய், பருப்பு, சீனி, மாவு என்று காலங்காலமாகப் போய்க்கொண்டிருந்த கூடை.

"சீனிய எடுத்துருங்க கிராணி. அதுக்குப் பதிலா ஒரு கண்ணாடி வைங்க. உள்ளங்கை அகலம் இருந்தா போதும்."

"கண்ணாடியா? முகம் பாக்கவா?"

"காலு பாக்க."

நாற்பது கண்ணாடி வாங்கினோம். லிங்கி சாலையின் குழிகளில் கார் இறங்கி ஏறும்போதெல்லாம் பின் இருக்கையில் அவை கிணுகிணுத்தன. போய்ச் சேர்ந்தபோது முப்பத்தொன்பது உருப்படியாக இருந்தன. பழைய தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு விதவை அக்கா கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"போன வருசம் ரெண்டு கிலோ சீனி இருந்துச்சு. இந்த வருசம் கண்ணாடி இருக்கு. நான் என்ன, கண்ணாடியப் போட்டு டீ ஆத்தறதா?"

"உங்களுக்குச் சீனி வியாதி இருக்கா இல்லியாக்கா?"

"அது யாருக்கு இல்ல?"

"அப்ப உக்காருங்க. இடது கால தூக்கி வலது முட்டி மேல போடுங்க. கண்ணாடிய அடியில புடிங்க. என்ன தெரியுது?"

அக்கா சிரித்துக்கொண்டே பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குதிகாலில் நாட்காட்டி மாட்டும் தட்டைத் தலை ஊசி ஒன்று முழுதாக ஏறியிருந்தது. தலை மட்டும் பளபளத்தது.

"ஐயோ! இது எப்ப ஏறுச்சு? எனக்கு ஒண்ணுமே தெரியலியே!"

"தெரியாது. அதான் வியாதி. வலிச்சா அதிர்ஷ்டசாலி."

சார்ஜன் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, அந்தப் பாதத்தைத் தன் தொடையில் வைத்து, ஊசியை எடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கு இடுக்காகத் துடைத்தார். அக்கா சேலையைக் கணுக்கால் மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். ஓர் ஆண்பிள்ளை, அதுவும் பட்டாளத்துச் சார்ஜன், தன் காலைத் தொடுகிற வெட்கம். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கிறவனின் முகம்தான் அப்போது அவருக்கு இருந்தது.

அடுத்த வருடம் கூடைகளில் சீனி இல்லை என்று ஒரு விதவைகூடக் கேட்கவில்லை. கண்ணாடி உடைந்துவிட்டது, வேறு ஒன்று வேண்டும் என்று ஒன்பது பேர் கேட்டார்கள்.

சீனி வியாதிக்காரர்கள் போடுகிற மெத்தென்ற சப்பாத்துக்கு நிதி வேண்டும் என்று அவர் அடுத்துப் பிடிவாதம் பிடித்தார். மற்றக் கிளைகள் விருந்து வைத்தார்கள், குலுக்கல் சீட்டு விற்றார்கள். இவர் சனிக்கிழமை இரவுச் சந்தையான பாசார் மாலாமில், கோழி பொரிக்கிறவனுக்கும் கைப்பேசி உறை விற்கிறவனுக்கும் நடுவில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பாலிஷ் டப்பியும் வைத்து உட்கார்ந்துவிட்டார். "பட்டாளத்துப் பாலிஷ், முகம் தெரியும்" என்று ஓர் அட்டை. உண்டியல் பக்கத்தில்.

சங்கத் தலைவருக்கு இது பொறுக்கவில்லை. நல்ல மனிதர், ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது அவருக்கு எப்போதும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"சார்ஜன், நம்ம ஆளுங்க என்னா பேசுவாங்க தெரியுமா? முன்னாள் ராணுவம் ரோட்டுல உக்காந்து அடுத்தவன் சப்பாத்து தொடைக்குதுன்னு பேசுவாங்க லா. எங்கப்பா காலத்துல இந்த வேலைய யாருகிட்ட குடுப்பாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும் தலைவரே. பட்டாளத்துல சேந்த மொத நாளே அந்தக் கணக்க முடிச்சுட்டாங்க. எல்லாரும் தொடைச்சோம், நீங்களுந்தான். பேசறவன் பேசட்டும். பேசறவனும் சப்பாத்து போட்டுத்தான வருவான்? கால நீட்டுங்க."

"எனக்கு வேணாம்."

"நீட்டுங்க, ஆளுங்க பாக்கறாங்க."

ஆட்கள் பார்க்கிறார்கள் என்றதும் தலைவர் உட்கார்ந்துவிட்டார். விரலில் துணியைச் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு தொடு பாலிஷ் என்று சார்ஜன் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க, கோழிக் கடையின் விளக்கு தலைவரின் சப்பாத்து மூக்கில் முழுதாகத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு தலைவரே மற்ற நாற்காலிக்கு ஆள் பிடித்துவந்தார்.

பாலிஷ் வெறும் சாக்கு என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது. பாலிஷ் போட வேண்டுமென்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பாதம் தெரியும். "இந்தப் புண்ணு எத்தன நாளா இருக்கு?" என்று அவர் மெதுவாகக் கேட்பது, கோழி பொரிகிற சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு நேப்பாளப் பையனை, பாலிஷ் போடச் சப்பாத்தே இல்லாமல் ரப்பர் பூட்சோடு வந்தவனை, உட்கார வைத்துப் பூஞ்சை பிடித்திருந்த விரல்களுக்கு மருந்துப் பொடி போட்டு அனுப்பினார். அவர்கள் இருவரும் என்ன பாஷையில் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஏன் இப்படிக் காலைப் பிடித்துக்கொண்டு அலைகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. தலைவரிடம், தன் அப்பா கடைசிவரை வெறுங்காலோடு மரம் வெட்டியவர் என்றார். என் மனைவியிடம், தனக்குப் படிப்பு ஏறவில்லை, கால் ஏறிவிட்டது என்றார். என்னிடம் ஒரே ஒரு தடவை, மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னார்: "காட்டுல ராத்திரி தங்கறதுக்கு முன்னால எட்டுப் பேரு காலையும் நான் பாக்கணும். அது என் வேல. ஒரு நாளு மழைன்னு பாக்கல. ஒருத்தன் சொல்லல. அவ்வளவுதான் கிராணி." அந்த ஒருத்தனுக்கு என்ன ஆனது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று காரணங்களையும் நான் நம்பினேன்.

அவருடைய இந்தப் பழக்கம் எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஒரு கல்யாணத்தில் மணமேடைக்குப் போய் மாப்பிள்ளைக்கு நகச்சுற்று என்று சொன்னவர். விருந்துக்கு வந்த சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி.யிடம், தொகுதிப் பிரச்சினைகளைப் பற்றி அவர் பேச ஆரம்பிக்கும்போதே, "சார், சாக்ஸ் இறுக்கமா இருக்கு, ரத்தம் ஓடாது" என்றவர். ராசா என்ற ஊரில் அவரோடு இருந்த மருமகள், "மாமாவ வீட்டுக்கு வர்றவங்ககிட்ட விடவே பயமா இருக்கு அங்கிள்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் சொல்வதற்கு ஒரு நியாயம் இருந்தது.

அவர் பாதம் பார்க்காத ஒரே ஆள் மாரிமுத்து அண்ணன்.

மாரிமுத்து அண்ணன் எங்களில் மூத்தவர், வாரண்ட் ஆபிசராக ஓய்வு பெற்றவர். எங்களில் பலருக்கு முதல்முதலில் இடது வலது சொல்லிக்கொடுத்து நடக்க வைத்தவர் அவர்தான். சார்ஜனும் அவர் கையில் வளர்ந்தவர். தான் எழுபதைத் தாண்டிய பிறகும் அண்ணனைத் துவான் என்றுதான் கூப்பிடுவார், மேலதிகாரியைப் பட்டாளத்தில் கூப்பிடுகிற மாதிரி. அண்ணனின் சப்பாத்து எங்கள் எல்லாருடையதையும்விடப் பளபளப்பாக இருக்கும். அணிவகுப்புக்கு முந்திய ஒத்திகையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நடந்து ஒவ்வொரு வருடமும் ஒரே அறிவுரைதான் சொல்வார்.

"மௌனம்னா மௌனம். மூக்கு மேல ஈ உக்காந்தாலும் கை போகக் கூடாது. பாம்பு வந்தா? வரட்டும். அது போயிரும், நீ நில்லு."

ஒரு வருடம் நினைவு நாளுக்கு மூன்று வாரம் இருக்கையில், அவருடைய மனைவி சரஸ்வதி அண்ணி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ரூம்ல ஒரு வாட வருது. செத்த எலின்னு நெனச்சு கட்டிலத் தூக்கிப் பாத்துட்டேன். எலி இல்ல. அவரு காலுலேர்ந்து வருது. படுக்கறப்பகூட சாக்ஸ கழட்ட மாட்டேங்கிறாரு. கேட்டா கத்தறாரு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

நானும் சார்ஜனும் அன்றே லிங்கிக்குப் போனோம். அண்ணன் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களிலும் கறுப்பு சாக்ஸ். கால் பார்க்கச் சார்ஜன் கொடுத்திருந்த கண்ணாடி முகம் மழிக்கத் தோதாகக் குளியலறை வாசலில் ஆணியில் தொங்கியது.

"துவான், ஒரு நிமிசம். இடது கால மட்டும்."

"எதுக்கு?"

"பாக்கத்தான்."

"என் காலப் பாக்க நீ யாரு? நான் உனக்கு நடக்கச் சொல்லிக் குடுத்தவன்டா. எனக்கு நீ காலு பாக்கறியா?"

"வாட அடிக்குது துவான்."

"ஒன் மூக்க மூடு."

அரைமணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அவர் உண்மையைச் சொன்னார், எங்களிடம் இல்லை, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு. "எங்கண்ணனும் காட்டுனான். கட்டவிரல்ல சின்னப் புண்ணுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனான். மொதல்ல விரலுன்னான், அப்புறம் பாதம்னான், அப்புறம் முட்டி. வருசம் முடியறதுக்குள்ள ஆளே இல்ல. நான் ரெண்டு காலோட போறேன். வந்த மாதிரியே போறேன். போங்கடா."

சார்ஜன் எழுந்து, நேராக நின்று, சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார். காரில் ஏறியதும், "சீழு எலும்புக்குப் போயிருந்தா அவரு சொல்ற மாதிரி போக முடியாது. துடிச்சுத்தான் போவாரு" என்றார். அதற்குப் பிறகு இரண்டு தடவை தனியாகப் போனார். ஒரு தடவை கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை திறந்து, மூடியது. டாக்டரையே வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று நான் சொன்னேன். அதையும் செய்தார். அண்ணன் வேலிக்கு வெளியிலேயே டாக்டருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்படியே நினைவு நாள் வந்துவிட்டது.

காலையில் வானம் கறுத்திருந்தது. கூடாரத்துக்கு அடியில் நூற்றிருபது நாற்காலி போட்டு, நூற்றிருபதும் இருக்கிறதா என்று இரண்டாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தபோது மாரிமுத்து அண்ணன் வந்து இறங்கினார். கஞ்சி போட்ட சட்டை, பதக்கங்கள், கறுப்பு பூட்ஸ். பூட்ஸ் கண்ணாடி மாதிரி. "அண்ணன் பூட்ஸப் பாரு லா, ஒருத்தனுக்கும் இந்தப் பளபளப்பு வராது" என்று இளையவர்கள் பேசிக்கொண்டார்கள். இடது பூட்ஸின் நாடா மட்டும் மேல் இரண்டு ஓட்டையில் கோக்கப்படாமல் காற்சட்டைக்குள் பாதி மறைந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். சார்ஜன் அதற்கு முன்பே பார்த்திருப்பார்.

அணிவகுப்புக்குத் தலைமை தாங்கிக் கட்டளை கொடுப்பது சார்ஜன்தான், பல வருடமாக. ஒய்.பி. மலர்வளையம் வைத்தார். நேராக நிற்கச் சொல்லிச் சார்ஜன் "செடியா!" என்று கட்டளையிட்டார். அத்தனை குதிகாலும் ஒன்றாகச் சேர்ந்தன. ஒலிபெருக்கியில் ஊதுகொம்பு அழுது ஓய்ந்தது. ஒரு நிமிட மௌனம் தொடங்கியது.

சாலையில் ஒரு லாரி போனது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. முன்வரிசையில் வலது கோடியில் மாரிமுத்து அண்ணன் மோவாயை உயர்த்தி நின்றார். அவருடைய இடது பூட்ஸின் மேல் ஓர் ஈ உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. மற்ற பூட்ஸ்கள் எதிலும் ஈ இல்லை. நான் பார்த்தேன்.

அப்போது தூணுக்கு முன்னால் தனியாக நின்ற சார்ஜன் அசைந்தார்.

முதலில் எனக்கு அவர் மயங்கி விழப்போகிறார் என்றுதான் பட்டது. அவர் விழவில்லை. நேராக நடந்து வந்து, அண்ணனுக்கு முன்னால் நின்று, மண்டி போட்டார். இடது பூட்ஸின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். கூடாரத்தில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. தலைவரின் வாய் திறந்து திறந்தபடியே நின்றது. அண்ணனின் கண்கள் மட்டும் ஒரு கணம் கீழே இறங்கின. பிறகு மறுபடி தூணுக்கு மேலே போய் நின்றுவிட்டன. உடம்பு அசையவில்லை. கை, தோள், இமை எதுவும் அசையவில்லை. கன்னத்துச் சதை மட்டும் துடித்தது. சார்ஜன் பூட்ஸைக் கழற்றினார். தன் முழங்காலில் அந்தக் குதிகாலைத் தாங்கிக்கொண்டு சாக்ஸை உருட்டி உருட்டி எடுத்தார். சாக்ஸோடு சேர்ந்து கொஞ்சம் தோலும் வந்தது.

முன்வரிசை நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சரஸ்வதி அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். கடைசி இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அதைச் சுற்றி இருந்ததை நான் எழுதமாட்டேன்.

மௌனம் முடிந்ததற்கான ஊதுகொம்பு ஒலித்தது. சார்ஜன் தன் கைக்குட்டையை அந்தப் பாதத்தில் சுற்றிவிட்டு எழுந்து, தன் இடத்துக்குத் திரும்பிப் போய், குரல் உடையாமல் அடுத்த கட்டளையைக் கொடுத்தார். வரிசை தளர்ந்தது. அதன் பிறகுதான் மாரிமுத்து அண்ணன் சரிந்தார். நாலு பேர் தாங்கிக்கொண்டோம்.

"கார எடுங்க கிராணி" என்றார் சார்ஜன்.

சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பின் இருக்கையில் அண்ணன் கண்ணை மூடியபடியே கிடந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த சார்ஜனிடம் நான் மெதுவாகக் கேட்டேன். "மௌனத்துலயா? அதுவும் ஒய்.பி. முன்னால?"

"வேற எப்ப கிராணி? வருசத்துல அந்த ஒரு நிமிசந்தான் அவரு அசைய மாட்டாரு."

இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருக்காது என்று டாக்டர் சொன்னார். பாதம் தப்பியது.

சங்கத்தில் கூட்டம் கூடியது. காட்டில் செத்தவர்களுக்காக வருடத்தில் ஒரு நிமிடம் கொடுக்கிறோம், அதையும் கலைத்துவிட்டார் என்று சிலர் கொதித்தார்கள். அவர்கள் கோபத்திலும் அர்த்தம் இருந்தது. இரண்டு பேருக்கு அந்தத் தூணில் உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். சார்ஜனிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுந்து நின்றார்.

"தப்புதான். மறுபடியும் செய்வேன். அதனால அடுத்த வருசம் வேற ஆளு கட்டள குடுக்கறதுதான் சரி."

அதோடு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து அணிவகுப்பில் கடைசி வரிசையில் நின்றார். முறை என்று ஒன்று இருந்தால் அது தனக்கும் உண்டு என்பதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வேறொன்றில்தான் இருந்தது. மாரிமுத்து அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"அத்தன பேரு முன்னால என்னை அவுத்துட்டான்" என்று அண்ணன் என்னிடம் சொன்னார். "என் கைல வளந்தவன். அவன் முகத்துல இனி முழிக்க மாட்டேன்."

அப்படியே செய்தார். புண் ஆறவேண்டும், தினமும் கழுவிக் கட்ட வேண்டும், சரஸ்வதி அண்ணிக்குக் கண் சரியாகத் தெரியாது. மற்ற நாட்களில் அரசாங்கத் தாதி வந்து பார்த்தாள். சனிக்கிழமை சனிக்கிழமை சார்ஜன் ராசாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் லிங்கிக்குப் போனார். நானும் சில தடவை போனேன். இவர் உள்ளே வந்ததும் அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். இடது கால் மட்டும் தானாக நீளும். சார்ஜன் தரையில் உட்கார்ந்து கழுவுவார், துடைப்பார், இருக்கிற விரல்களுக்கு இடையில் பொடி போடுவார். "துவான், நல்லா ஆறுது" என்பார். சுவர் பதில் சொல்லாது. சல்யூட் அடித்துவிட்டு வருவார். புண் முழுதாக ஆறிய பிறகும் போனார். ஆறிய பிறகும் அந்தக் கால் நீண்டது. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

"திட்டுனாக்கூட தேவல" என்று ஒரு தடவை திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்.

போன வருடம் பிப்ரவரியில் சார்ஜனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் புரிந்தது. ராசா வீட்டில் முன்கூடத்திலேயே கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். நான் போனபோது முதலில் என் காலைத்தான் பார்த்தார். "சப்பாத்து புதுசு" என்றார்.

மூன்றாவது சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன். மத்தியானம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வெளியே இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு மருமகள் போய்ப் பார்த்தாள். வாசலில் மாரிமுத்து அண்ணன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லிங்கியிலிருந்து இரண்டு பஸ் மாறி, பஸ் நிற்குமிடத்திலிருந்து நடந்து வந்திருந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. அவள் நீட்டிய தண்ணீரைக் குடித்தார். ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலின் இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். குனிந்து சப்பாத்தைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, இடது காலைத் தூக்கி மெத்தையின் மேல் வைத்தார்.

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை.

சார்ஜன் இடது கையை மெதுவாக நகர்த்தி அந்தப் பாதத்தைப் பிடித்தார். குதிகாலைத் தடவினார். வடுவை அழுத்திப் பார்த்தார். மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக விரித்து இடுக்கைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கைக்கு அது வெகு நேரம் எடுத்தது. அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகம்... வளந்திருக்கு துவான்" என்றார் சார்ஜன்.

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்ப வெட்டு" என்றார். "சீக்கிரம் வெட்டு. எனக்கு பஸ் இருக்கு."

நான் நகவெட்டி தேட எழுந்தேன்.